கூட்டினால் 4, பெருக்கினால் 13: கலப்பு மூலம் வரும் இருபடிக் கோவையை கண்ட்ரோல் சிஸ்டத்தில் எப்படிப் பிரிப்பது?

#1 பாளை மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இ.இ.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. போன செமஸ்டரில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் அரியர் விழுந்துவிட்டது. திருப்பி எழுதப் படித்துக்கொண்டிருக்கிறேன், தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

கணக்கு இது. டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (அவுட்புட்டுக்கும் இன்புட்டுக்கும் உள்ள விகிதம்) 13/(எஸ்² + 4எஸ் + 13). இதற்கு ஸ்டெப் இன்புட் (0-இல் இருந்து சட்டென்று 1-க்குத் தாவி அப்படியே நிற்பது) கொடுத்தால் அவுட்புட் எப்படி இருக்கும்? பகுதிப் பின்னமாக உடைக்கக் கீழே இருப்பதைக் காரணிப்படுத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி பெருக்கல் குறி போட்டு மேலே 13, கீழே 4 எழுதினேன். பெருக்கினால் 13, கூட்டினால் 4 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 13-ஐ 1 × 13 என்று மட்டும்தான் உடைக்க முடிகிறது, அதைக் கூட்டினால் 14. தன்மைக் காட்டியைப் பார்த்தேன்: 16 − 52 = −36. பத்தாம் வகுப்பில் இந்த இடத்தில் "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். இங்கே அப்படிப் போக முடியவில்லை. விடையில் திடீரென்று (எஸ் + 2)² + 9 என்று நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது?

இங்கே எஸ் என்பது லாப்லாஸ் மாறி, டி என்பது நேரம். கைப்பேசியில் தட்டுவதால் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், நீங்களும் அப்படியே எழுதினால் எனக்குப் படிக்கச் சுலபம்.

#2 அம்பை டீச்சர்

தம்பி, நீங்கள் தொடங்கின வழி சரியான வழி. பாதியில் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். அம்பாசமுத்திரம் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பெருக்கல் குறி போட்டுத் தேடுவதை எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் இந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டினால் 4 வரும் இரண்டு எண்கள் என்றால் அவற்றின் சராசரி 2. அப்படியானால் ஒன்று 2-க்கு மேலே கொஞ்சம் தள்ளி நிற்கும், மற்றது அதே அளவு கீழே தள்ளி நிற்கும். அந்தத் தள்ளலை ட என்று வையுங்கள். எண்கள் 2 + ட, 2 − ட. பெருக்கினால் 4 − ட². இது 13 ஆக வேண்டும். ஆகவே ட² = −9. இந்த இடத்தில்தான் பத்தாம் வகுப்பில் நிறுத்தினோம். பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் படித்த பிறகு நிறுத்த வேண்டியதில்லை. ட = 3ஜே. (கணக்குப் பாடத்தில் ஐ என்று எழுதுவதை மின்னியலில் ஜே என்பார்கள், ஐ அங்கே மின்னோட்டத்துக்குப் போய்விட்டது.)

நீங்கள் தேடின இரண்டு எண்கள் 2 + 3ஜே, 2 − 3ஜே. கூட்டிப் பாருங்கள், 4. பெருக்கிப் பாருங்கள், 4 + 9 = 13. இருக்கின்றன தம்பி, மெய்யெண் கோட்டில் தேடினால் கிடைக்காது என்பதுதான் விஷயம்.

1545-லேயே இத்தாலியின் கார்டானோ இதே கேள்வியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்: 10-ஐ இரண்டாகப் பிரி, பெருக்கினால் 40 வர வேண்டும். அவருக்குக் கிடைத்தது 5 + √−15, 5 − √−15. பெருக்கி 40 வருவதைச் சரிபார்த்தார், ஆனாலும் இதில் பயன் ஒன்றும் இல்லை என்று ஒதுக்கினார். அவருக்கே தயக்கம் இருந்த இடத்தில் நீங்கள் நின்றதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விடையில் வரும் (எஸ் + 2)² + 9 வேறு ஒன்றும் இல்லை, வர்க்கப் பூர்த்தி முறைதான். எஸ்² + 4எஸ் + 4 முழு வர்க்கம். 13-இல் 4 போக மிச்சம் 9. அந்த 2-தான் சராசரி, 9-இன் வர்க்கமூலம்தான் தள்ளல்.

#3 பாளை மாணவன்

டீச்சர், ரொம்ப நன்றி. சராசரி, தள்ளல் என்று சொன்னதும் புரிந்துவிட்டது. அப்படியானால் காரணிகள் (எஸ் − 2 − 3ஜே)(எஸ் − 2 + 3ஜே), சரிதானே? இதை வைத்துத் தலைகீழ் லாப்லாஸ் போட்டால் ஈ-யின் அடுக்கில் +2டி வருகிறது. விடையில் −2டி இருக்கிறது.

#4 அம்பை டீச்சர்

குறி, தம்பி. கூட்டினால் 4 என்று தேடியது காரணிக்குள் போகும் எண்களை. அவை அப்படியே காரணிக்குள் போகும்: (எஸ் + 2 + 3ஜே)(எஸ் + 2 − 3ஜே). மூலங்கள் அவற்றின் எதிர்க்குறி, −2 ± 3ஜே. நீங்கள் 2 ± 3ஜே-யை மூலமாக எடுத்துக்கொண்டு இன்னொரு முறை குறி மாற்றிவிட்டீர்கள். உங்கள் காரணிகளைப் பெருக்கினால் எஸ்² − 4எஸ் + 13 வரும்.

கணக்குத் தாளில் இதற்கு அரை மதிப்பெண் போகும். கண்ட்ரோலில் இது உயிர்நாடியான இடம். மூலத்தில் 2 அடங்கும் வேகம், 3 ஆடும் வேகம். −2 என்றால் ஆட்டம் ஈ^(−2டி) வேகத்தில் அடங்கும். +2 என்றால் ஒவ்வொரு நொடியும் ஏழு மடங்குக்கு மேல் பெருகிக்கொண்டே போகும். பிரித்து முடித்ததும் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். பத்து நொடி வேலை.

அப்புறம், எஸ்²-க்கு முன்னால் எண் இருந்தால், 2எஸ்² + 8எஸ் + 26 மாதிரி, முதலில் 2-ஐ வெளியே எடுத்துவிடுங்கள். கடைசியில் அதை மறந்துவிடாதீர்கள்.

#5 பணகுடி காற்றாலை

நான் டிப்ளமோ படித்தவன். பணகுடிப் பக்கம் காற்றாலை சர்வீஸ் வேலை. டீச்சர் சொன்ன "அடங்கும் வேகம், ஆடும் வேகம்" இரண்டையும் தினமும் காலடியில் உணர்கிற ஆள் என்பதால் எழுதுகிறேன். ஆடிக் காற்றில் இயந்திரத்தை நிறுத்தினால் டவர் முன்னும் பின்னும் அசையும், கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அது அடங்கும் வரை மேலே ஸ்பேனர் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

தம்பிக்காக நேற்று ஒரு வேலை செய்து பார்த்தேன். என் மகளுக்குக் கட்டின ஸ்பிரிங் தொட்டில் கொக்கி இன்னும் வீட்டில் கிடக்கிறது. உத்தரத்தில் ஸ்பிரிங்கை மாட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். பின்னால் சுவரில் ஸ்டீல் அளவுகோலை ஒட்டி, பையை 10 செ.மீ. கீழே இழுத்து விட்டு, கைப்பேசியில் வீடியோ எடுத்தேன். பத்துக் குதிப்புக்கு 8 நொடி. பத்தாவது குதிப்பில் ஆட்டம் 10 செ.மீ.யில் இருந்து 5 ஆகக் குறைந்திருந்தது.

இப்போது திருப்பிக் கணக்குப் போடலாம். ஒரு குதிப்புக்கு 0.8 நொடி. ஆடும் வேகம் = 2 × 3.1416 / 0.8 = 7.85. எட்டு நொடியில் பாதியாகிறது என்றால் அடங்கும் வேகம் = 0.693 / 8 = 0.087. மூலங்கள் −0.087 ± 7.85ஜே. கோவை (எஸ் + 0.087)² + 7.85², விரித்தால் எஸ்² + 0.173எஸ் + 61.7.

நம்பலாமா என்று இன்னொரு வழியில் பார்த்தேன். பையைத் தொங்கவிட்டதும் ஸ்பிரிங் ஏறக்குறைய 16 செ.மீ. நீண்டது. 9.8-ஐ 0.16-ஆல் வகுத்தால் 61.25. வீடியோவில் இருந்து வந்தது 61.7. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடிகாரமும் அளவுகோலும் ஒரே எண்ணைச் சொல்கின்றன.

கலப்பெண் என்றால் புத்தகத்தில் மட்டும் இருக்கிற ஒன்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கற்பனைப் பகுதி என்று பெயர் வைத்தவர்கள் மேல்தான் வருத்தம். குதிப்பை எண்ணினால் கிடைக்கிற எண்ணில் கற்பனை எங்கே இருக்கிறது?

#6 பாளை மாணவன்

அண்ணாச்சி, இதை எங்கள் லேபில் செய்திருந்தால் எனக்கு அரியரே விழுந்திருக்காது. 7.85-தான் நேச்சுரல் ஃப்ரீக்வென்சியா?

#7 அம்பை டீச்சர்

அண்ணாச்சி செய்த சோதனை என் வகுப்புக்கும் போகப்போகிறது, அனுமதி கொடுங்கள்.

தம்பி, குதிப்பை எண்ணினால் கிடைப்பது தணிப்போடு ஆடும் வேகம், அதாவது கற்பனைப் பகுதி. நேச்சுரல் ஃப்ரீக்வென்சி என்பது தணிப்பே இல்லாவிட்டால் ஆடும் வேகம், அதாவது கடைசி எண்ணின் வர்க்கமூலம், √61.7. தொட்டிலில் இரண்டுக்கும் நான்காம் தசமத்தில்தான் வேறுபாடு, ஏனென்றால் தணிப்பு அவ்வளவு குறைவு. உங்கள் கணக்கில் அப்படி இல்லை. ஆடும் வேகம் 3, நேச்சுரல் ஃப்ரீக்வென்சி √13 = 3.606. குழப்பினால் விடை தப்பிவிடும். மூலத்தைத் தாளில் புள்ளியாக வையுங்கள்: இடப்பக்கம் 2, மேலே 3. மையத்தில் இருந்து அந்தப் புள்ளி வரை உள்ள தூரம் √13. இடப்பக்கத் தூரத்தை இந்தச் சாய்வுத் தூரத்தால் வகுத்தால் தணிப்பு விகிதம் ஸீட்டா, 2/3.606 = 0.555.

#8 தென்காசிச் சாரல்

ஊர் தென்காசி, கோயம்புத்தூரில் ஆட்டோமேஷன் வேலை. நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். இதைப் பிரிக்கவே வேண்டாம் என்பது என் பழக்கம். கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால் கலப்பு மூலங்கள் இணையாகத்தான் வரும், ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்து எந்தக் கருவியும் செய்ய முடியாது. ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்துதான் ஆட முடியும். டிஜிட்டல் ஃபில்டர் எழுதும்போதும் இருபடித் துண்டுகளாகவே வைத்துக்கொள்கிறோம், அப்போதுதான் எல்லா எண்ணும் மெய்யெண்ணாக இருக்கும்.

போடே பிளாட்டில் (ஃப்ரீக்வென்சி மாற மாற அவுட்புட் அளவு எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) பிரித்தால் தவறே வரும். முதற்படிக் காரணிக்கு மூலையில் இருந்து டெகேடுக்கு (ஃப்ரீக்வென்சி பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும்) 20 டெசிபெல் இறக்கம் என்ற விதி மெய் மூலத்துக்கு உள்ளது. எஸ் + 2 + 3ஜே-க்கு அந்த விதியைப் போட்டால் மூலை எங்கே என்பதே தெரியாது. சேர்த்து வைத்து √13-இல் ஒரே மூலை, அதன் பிறகு 40 டெசிபெல் இறக்கம். அந்த மூலையில் உண்மையான அளவு 1/(2 ஸீட்டா) = 0.90.

#9 அம்பை டீச்சர்

நீங்கள் சொல்வது போடேவுக்கு முழுக்கச் சரி. ஆனால் தம்பியின் கேள்வி ஸ்டெப் ரெஸ்பான்ஸ். அங்கே இரண்டு வழியும் திறந்திருக்கிறது. இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன், எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

பிரிக்காமல்: 13/[எஸ்(எஸ்² + 4எஸ் + 13)] = 1/எஸ் − (எஸ் + 4)/(எஸ்² + 4எஸ் + 13). இப்போது மேலே இருக்கும் எஸ் + 4-ஐ (எஸ் + 2) + 2 என்று உடைக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கீழே (எஸ் + 2)² இருந்தால் மேலேயும் எஸ் + 2-ஆகப் பார்க்க வேண்டும். முதல் துண்டு கொசைன் தரும். மிச்சம் இருக்கும் 2, சைன் ஆக மேலே 3 வேண்டும் என்பதால் (2/3) × 3 ஆகும். விடை:

ஒய் = 1 − ஈ^(−2டி) [காஸ் 3டி + (2/3) சைன் 3டி]

பிரித்து: −2 + 3ஜே என்ற மூலத்தில் மேலெண் 13/[(−2 + 3ஜே)(6ஜே)]. கீழே பெருக்கினால் −18 − 12ஜே. சுருக்கினால் −1/2 + ஜே/3. இன்னொரு மூலத்தின் மேலெண் இதன் இணை, அதைத் தனியாகப் போட வேண்டியதே இல்லை. இரண்டையும் கூட்டினால் ஜே எல்லாம் கழிந்து மேலே உள்ள அதே விடை வரும். மெய்ப்பகுதி −1/2-இன் இரண்டு மடங்கு கொசைனுக்கு, கற்பனைப் பகுதி 1/3-இன் இரண்டு மடங்கு எதிர்க்குறியோடு சைனுக்கு.

எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஆனால் இருபடிக் காரணிகள் இரண்டு மூன்று வந்தால் இரண்டாவது வழி நேரத்தை மிச்சப்படுத்தும். ரூட் லோகஸ் வரைய வேண்டுமானால் மூலம் தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. எவன்ஸ் 1948-இல் கொடுத்த அந்த முறையே மூலங்கள் எங்கே நகர்கின்றன என்பதைப் பார்ப்பதுதான்.

முதல் உச்சி வரும் நேரம் டி = பை/3 போட்டுச் சரிபாருங்கள். காஸ் −1, சைன் 0. ஒய் = 1 + ஈ^(−2.094) = 1.123. ஓவர்ஷூட், அதாவது 1-ஐத் தாண்டிப் போன அளவு, 12.3 சதவீதம். 3 எப்போது உச்சி என்று சொன்னது, 2 எவ்வளவு உயரம் என்று சொன்னது.

#10 தென்காசிச் சாரல்

டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். "பிரிக்கவே வேண்டாம்" என்று மொத்தமாகச் சொன்னது தப்பு. வர்க்கப் பூர்த்தி வரை வந்து நிற்பது இரண்டுக்கும் பொதுவான இடம் என்று இப்போது தோன்றுகிறது.

அதில் ஒன்று சொல்ல வேண்டும், வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து நானே தாளில் போட்டுப் பார்த்தது. தம்பியின் கோவையில் இரண்டே எண்கள்: 2, 3. வர்க்கங்கள் 4, 9.

நேச்சுரல் ஃப்ரீக்வென்சியின் வர்க்கம் 9 + 4 = 13.
ஆடும் வேகத்தின் வர்க்கம் 9.
ரெசனன்ஸ் முகடு (போடேயில் அவுட்புட் மிகப் பெரிதாகும் ஃப்ரீக்வென்சி) வரும் இடத்தின் வர்க்கம் 9 − 4 = 5.

மூன்றும் ஒரே படிக்கட்டு. புத்தகத்தில் இவை மூன்று தனித்தனிச் சூத்திரங்களாக, உள்ளே 1 − ஸீட்டா², 1 − 2 ஸீட்டா² என்று வர்க்கமூலத்தோடு வரும். நான் அவற்றை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எது எது என்று மாற்றிப்போட்டவன். சரிபார்க்க எஸ் = ஜே√5 போடுங்கள்: எஸ்² என்பது −5. கீழே 8 + ஜே 4√5. அதன் அளவு √(64 + 80) = 12. ஆகவே முகட்டின் உயரம் 13/12, அதாவது 1.083. எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்.

#11 பாளை மாணவன்

இந்தப் படிக்கட்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். அண்ணே, முப்படி வந்தால்? போன தாளில் எஸ்³ + 6எஸ்² + 21எஸ் + 26 வந்தது, தொடவே இல்லை.

#12 பாபநாசம் கீழ் முகாம்

நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்தக் கேள்விக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒற்றைப்படைப் படியில் மெய்க் கெழுக்கள் இருந்தால் ஒரு மெய் மூலமாவது கட்டாயம் உண்டு. 26-இன் வகுஎண்களை எதிர்க்குறியோடு போட்டுப் பார். −2 போட்டால் −8 + 24 − 42 + 26 = 0. தொகுமுறை வகுத்தலில் 1, 6, 21, 26-ஐ வகுத்தால் ஈவு 1, 4, 13, மீதி 0. உன் பழைய கோவைதான், அதே எஸ்² + 4எஸ் + 13.

நாற்படி வந்தால் மெய் மூலமே இல்லாமல் போகலாம். அப்போது நேராக இருபடித் துண்டுகளாக உடைக்க ஒரு வழி உண்டு. விமானம் முன்னும் பின்னும் தலையாட்டுவதன் சமன்பாடு நாற்படி. லெனார்ட் பேர்ஸ்டோ 1920-இல் விமானவியல் பற்றி எழுதிய நூலின் பிற்சேர்க்கையில், கலப்பெண்ணையே தொடாமல், மெய்யெண் கணக்கிலேயே ஒரு இருபடிக் காரணியை ஊகித்து, மீதியைப் பார்த்துத் திருத்தித் திருத்திக் கண்டுபிடிக்கும் முறையைக் கொடுத்தார். விமானத்தில் அது ஒரு வேகமான ஆட்டமாகவும் ஒரு மந்தமான ஆட்டமாகவும் பிரியும்.

எங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது 1868-இல் மேக்ஸ்வெல் கவர்னர் (இயந்திரத்தின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவி) பற்றி எழுதிய கட்டுரை. எல்லா மூலங்களின் மெய்ப்பகுதியும் எதிர்க்குறியாக இருந்தால்தான் கவர்னர் நிலைக்கும் என்று அதில் காட்டினார். டர்பைன் வேகம் மேலும் கீழும் தேடிக்கொண்டே இருப்பதை நாங்கள் "ஹன்டிங்" என்போம். இரவு ஷிப்டில் அந்தச் சத்தம் காதுக்குத் தெரியும், முள்ளைப் பார்க்கவே வேண்டாம். மெய்ப்பகுதி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நாளில் எங்களுக்கு அதை இப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நீ கேட்கிறாய், அதுவே எனக்குச் சந்தோஷம்.

#13 பாளை மாணவன்

ஐயா, உங்களுக்கும் எல்லாருக்கும் நன்றி. நானே ஒன்று எடுத்துப் போட்டேன், சரிபாருங்கள். எஸ்² + 6எஸ் + 25. சராசரி 3, 9 போக மிச்சம் 16, தள்ளல் 4ஜே. காரணிகள் (எஸ் + 3 + 4ஜே)(எஸ் + 3 − 4ஜே), பெருக்கிப் பார்த்துவிட்டேன். மூலங்கள் −3 ± 4ஜே. நேச்சுரல் 5, ஆடும் வேகம் 4, முகடு √7. ஸீட்டா 0.6. ஓவர்ஷூட் ஈ^(−3 பை/4) = 9.5 சதவீதம்.

#14 அம்பை டீச்சர்

எல்லாம் சரி. இப்போது எஸ்² + 10எஸ் + 34 போடுங்கள். முகடு எங்கே வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

#15 பாளை மாணவன்

சராசரி 5, மிச்சம் 9, மூலங்கள் −5 ± 3ஜே. படிக்கட்டில் இறங்கினால் 9 − 25 = −16. வர்க்கம் எதிர்க்குறியில் வருகிறது டீச்சர். முதலில் எங்கோ தப்பு என்று நினைத்து மூன்று முறை போட்டேன். பிறகு போடேவைப் புள்ளி புள்ளியாகப் போட்டுப் பார்த்தேன், தொடக்கத்தில் இருந்து இறங்கிக்கொண்டேதான் போகிறது. முகடே இல்லை. −16 சொல்வது அதுதானே?

ஆனால் ஸ்டெப்பில் ஓவர்ஷூட் இருக்கிறது, ஈ^(−5 பை/3) = 0.0053, அரை சதவீதம். முகடு இல்லாமலும் கொஞ்சம் தாண்டுகிறது.

#16 அம்பை டீச்சர்

அதேதான் தம்பி. தாண்டுவதற்குக் கற்பனைப் பகுதி இருந்தாலே போதும். முகடு வர அது மெய்ப்பகுதியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே 3, 5-ஐவிடச் சின்னது.